பழைய கியர் சைக்கிள் என்ன விலை போகும்?

பழைய மிக்ஸியைக் கொடுத்துப் புது மிக்ஸி எடுத்திருப்பீர்கள். தேய்ந்த கொலுசையும் நசுங்கிய குங்குமச் சிமிழையும் போட்டுப் புது வெள்ளி வாங்கியிருப்பீர்கள். சேதாரம் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று கேட்டுக் கடைக்காரரையே திணற அடிக்கும் சாமர்த்தியம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படிப்பட்ட நாம், வீட்டில் சைக்கிள் மாற்றும் பேச்சு வந்தால் மட்டும், "அது அவங்க சமாச்சாரம்" என்று காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். இனிமேல் போகாதீர்கள், சகோதரிகளே! இன்றைக்கு ஒரு நல்ல சைக்கிளின் விலையில் ஃபிரிட்ஜ் வாங்கிவிடலாம்.

நான் சொல்வது பால்காரர் ஓட்டும் சைக்கிளை அல்ல, கியர் சைக்கிளை. கடைக்காரர்கள் 'மவுண்டன் பைக்' என்கிறார்கள். பிள்ளைகள் அதையும் 'எம்.டி.பி.' என்று சுருக்கிவிட்டார்கள். தடித்த டயர், முன்பக்கம் அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க், நேரான ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், 21 கியர், 27 கியர் என்று ஏகப்பட்ட ஆடம்பரம். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒன்று 2013-ல் வந்தது. என் கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வருஷம் அது. நடக்கச் சொன்னார்; நடந்தால் முழங்கால் வலி. "சைக்கிள் ஓட்டுங்க, உடம்புப் பாரத்தை சீட் தாங்கிக்கும், மூட்டுக்குச் சிரமம் குறைவு" என்றார். கேட்கவேண்டுமா? வெளிநாட்டுக் கம்பெனி வண்டியாகப் பார்த்து 42,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். விலையைக் கேட்ட என் மாமியார் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "மோட்டார் எங்கடா கண்ணு இருக்குது?" என்று கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் சிரிப்புக்குரிய விஷயம்.

ஆனால் ஒன்று. அந்த வண்டி தன் விலைக்கு மேலேயே உழைத்துவிட்டது. கோயம்புத்தூரில் இருப்பவர்களுக்கு மருதமலை ரோடு தெரியும். காலை ஐந்தரை மணிக்கு அந்தப் பக்கம் போனால் சைக்கிள்காரர்களை வரிசையாகப் பார்க்கலாம். பன்னிரண்டு வருஷம் இவரும் அந்த வரிசையில் இருந்தார். சர்க்கரையும் அதே எல்லைக்கோட்டிலேயே நின்றுகொண்டிருக்கிறது, தாண்டவில்லை.

2025 ஆடி மாதம் ஆரம்பித்தது வம்பு. கூட ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பெரிய சக்கரம் வைத்த புது வண்டிக்கு மாறிவிட்டார்களாம். இவருக்கும் வேண்டும். விலை 48,000. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை உட்கார வைத்துக் கணக்குச் சொன்னார்.

"பழசு எப்படியும் 20,000-க்குப் போகும். தீபாவளி போனஸ் 15,000. மிச்சம் 13,000 தான். சீட்டுப் பணத்துல எடுத்துக்கலாம்."

சீட்டில் எங்களுக்கு வரவேண்டியது 40,000. அதில் 27,000 பெண்ணின் பள்ளிக் கட்டணம். ஆக 13,000 எடுத்தால் ஒரு ரூபாய் மீறாமல் கச்சிதமாக முடிகிறது. பார்க்க அழகான கணக்குத்தான்.

"அந்த 20,000 யாருங்க குடுக்கறேன்னாங்க?" என்று கேட்டேன்.

"42,000 போட்டு வாங்கினது, பாதிகூடப் போகாதா?"

இங்கேதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். யாரும் கேட்காத, யார் கையிலும் இல்லாத 20,000 ரூபாய், எங்கள் வரவு செலவு நோட்டில் வரவுப் பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதன் பலத்தில் 48,000 ரூபாய் வண்டி 28,000 ரூபாய் வண்டி மாதிரி தெரிகிறது. பழசின் விலையை ஏற்றி நினைக்க நினைக்கப் புதுசு மலிவாகத் தோன்றும். பட்டுப்புடவை எக்ஸ்சேஞ்ச் மேளாவில் நாம் படாத பாடா இது? அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு, உண்மையில் என்ன கிடைக்கும் என்று விசாரிக்க நானே கிளம்பினேன்.

கேட்கிற விலை, கிடைக்கிற விலை

முதலில் பழைய சாமான் விற்கும் விளம்பரங்களைப் பார்த்தோம். எங்கள் வண்டியைப் போன்றவற்றுக்கு 18,000, 22,000, ஒருவர் 25,000 என்றுகூடப் போட்டிருந்தார். "பாத்தியா!" என்றார் இவர். நான் ஒரு காரியம் செய்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் அந்த விளம்பரங்களை விலையோடு குறித்து வைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தேன். 18,000-க்கு மேல் போட்டிருந்தவை அத்தனையும் அப்படியே இருந்தன. ஒன்று நாலு மாதமாக நிற்கிறதாம். காணாமல் போயிருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று 9,500, இன்னொன்று 8,000. காய்கறிக் கடையில் நாம் பார்க்காததா? சாயங்காலம் வரைக்கும் கூடையில் கிடக்கிற கத்தரிக்காய்க்குக் காலையில் என்ன விலை சொன்னார்கள் என்பது முக்கியமா?

இதில் கொரோனா வேறு மனதைக் குழப்பி வைத்திருக்கிறது. 2020-ல் ஊரடங்கு தளர்ந்ததும் சைக்கிளுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி, தட்டுப்பாடு. பழைய வண்டிகள்கூட நல்ல விலைக்குப் போயின. 'என் மச்சான் வித்தது இவ்வளவு' என்று யாராவது சொன்னால், எந்த வருஷம் விற்றார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, புது வண்டி விற்கும் கடை. பழசைக் கொடுத்தால் 6,000 தருகிறோம் என்றார்கள். இவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கோ, அந்த 6,000 கூட நிஜமா என்று சந்தேகம். "பழசு ஒண்ணும் குடுக்கல, முழுப்பணமும் ரொக்கமாக் குடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டேன். கடைப்பையன் யோசித்துவிட்டு, "4,000 குறைச்சுக்கலாம் மேடம்" என்றான். பழசைக் கொடுத்தால் அந்தத் தள்ளுபடி கிடையாதாம். அப்படியானால் எங்கள் வண்டிக்கு அவர்கள் கொடுக்கும் நிஜமான விலை 2,000 தான். எக்ஸ்சேஞ்ச் என்று யார் சொன்னாலும் இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. பழசை வாங்கி, பழுது பார்த்து, இடம் அடைத்து வைத்து விற்கவேண்டியது அவர்கள் பாடு. அந்தத் தொல்லை நமக்கு வேண்டாம் என்றால் 2,000-க்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தெரிந்து கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

26 அங்குலத்தின் கதை

நன்றாக ஓடுகிற வண்டிக்கு ஏன் இப்படி விலை விழுகிறது? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை தெரியவேண்டும்.

மவுண்டன் பைக் பிறந்ததே பழைய சைக்கிளில் இருந்துதான் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் மரின் கவுண்டி என்று ஒரு மலைப்பகுதி. 1970-களில் அங்கே சில இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்த கனமான பழைய சைக்கிள்களைக் கிடைத்த விலைக்கு வாங்கி, மண் பாதையில் மலைமேலிருந்து இறங்கும் பந்தயம் நடத்தினார்கள். 1976-ல் ஆரம்பித்த ஒரு பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக் சூடாகி உள்ளேயிருக்கும் கிரீஸ் எல்லாம் வெந்து போகுமாம். மறுபடி கிரீஸ் அடைக்கவேண்டும், அதனால் அந்தப் பெயர். அவர்களில் ஜோ பிரீஸ் என்பவர் 1977-ல் இதற்கென்றே புதிதாக ஒரு வண்டி செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற பெயரில் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்க ஆரம்பித்தது. அந்தப் பழைய வண்டிகளின் சக்கரம் 26 அங்குலம் என்பதால், அவற்றைப் பார்த்துச் செய்த வண்டிகளுக்கும் 26 அங்குலமே நிலைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் ராஜா.

2012, 2013 வாக்கில் காற்று மாறியது. 27.5 அங்குலமும் 29 அங்குலமும் வந்து, விலை கூடிய வண்டிகளில் 26-ஐ ஓரம் கட்டிவிட்டன. சக்கரம் பெரிதானால் கல்லும் குழியும் சுலபமாகத் தாண்டுமாம். சக்கரம் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. அச்சு தடிமனாயிற்று. ஃபோர்க்கின் கழுத்து மேலே ஒடுங்கியும் கீழே பருத்தும் வந்தது. முன்பக்கம் மூன்று, பின்பக்கம் ஒன்பது என்று இருந்த பல்சக்கரங்கள், முன்னே ஒன்று, பின்னே பன்னிரண்டு என்று ஆகிவிட்டன. இதனால் என்ன கஷ்டம் என்றால், புது ஃபோர்க் வாங்கிப் பழைய வண்டியில் மாட்ட முடியாது, புதுச் சக்கரமும் உட்காராது. பழைய குக்கருக்குப் புது கம்பெனி கேஸ்கட் சேராத கதைதான். ஆகவே, விலை கூடுதலாகக் கொடுத்து வாங்கிய பழைய வண்டிக்குத்தான் விழுக்காடும் அதிகம். 42,000-ல் பாதி என்று இவர் கணக்குப் போட்டது அதனால்தான் செல்லவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளுக்கு நாம் வாங்கும் சாதாரணக் கியர் சைக்கிளுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நம் நாட்டில் விலை குறைந்த வண்டிகளில் 24, 26 அங்குலச் சக்கரம் இன்றும் வருகிறது. டயர், டியூப், செயின் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். வருஷா வருஷம் வளர்கிற பிள்ளைகளும் இருந்துகொண்டே இருப்பார்கள். அந்த வண்டிகள் விலை இழப்பது துருவால், மொட்டை மாடி வெயிலால்.

டயர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. 26 அங்குலத்திலேயே ஒன்றுக்கொன்று சேராத ரகங்கள் உண்டு. 26 x 1.95 என்று புள்ளி வைத்துப் போட்டிருந்தால் அது மவுண்டன் பைக் டயர். 26 x 1 3/8 என்று பின்னத்தில் போட்டிருந்தால் அது சாதாரண சைக்கிளுக்கு. ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பெரியவர் சொன்ன கணக்கு

எங்கள் பேட்டையில் ஒரு சைக்கிள் கடைப் பெரியவர் இருக்கிறார். வாடகை சைக்கிள் காலத்திலிருந்து அதே இடம். கியர் வண்டி வேலையை இப்போது அவர் மகன் பார்க்கிறார். என்றாலும் தீர்ப்பு சொல்வது பெரியவர்தான். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஃப்ரேமின் மூட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, பெடல் அச்சைச் சுற்றி, சீட் கம்பி இறங்கும் இடம் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மயிரிழை மாதிரி கீறலோ பெயிண்ட் உப்பலோ இருக்கிறதா என்று பார்க்கிறாராம். இரும்பு ஃப்ரேம் என்றால் பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் பற்றவைத்தாலும் பழைய பலம் வராது. அந்த வண்டியை யாருக்கும் ஓட்டக் கொடுக்கக் கூடாது, பேரீச்சம்பழக்காரர்தான் கதி. நல்லவேளை, எங்கள் வண்டியில் கீறல் இல்லை.

"ஏனுங்க அம்மிணி, வண்டி நல்ல வண்டிதானுங்க. ஆனா வாங்கறவன் நீங்க போட்ட காசையா பாப்பான்? அவன் போடப்போற காசைத்தானுங்க பாப்பான்!" என்றார்.

நான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த சூத்திரம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. உடனே, "அவங்க போடப்போறது எவ்வளவு, சொல்லுங்க" என்று பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

செயினைப் பார்க்க அவர் செய்த சோதனையை நீங்களும் வீட்டில் செய்யலாம். பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலிருக்கும் 12 அங்குல ஸ்கேல் போதும். செயினின் ஒரு ஆணியின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் சரியாக 12-ஆம் அங்குலத்தில் இன்னொரு ஆணியின் நடு வந்து நிற்கும். தேய்ந்த செயின் நீண்டிருக்கும். அந்த ஆணி 12-ஐத் தாண்டி நிற்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் செயின் மாற்றவேண்டும். மூன்று மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செயின் மட்டும் மாற்றிப் பிரயோசனமில்லை. எங்களுடையது மூன்றைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷ மருதமலை ஏற்றம் சும்மாவா?

செயினும் பின்பக்கப் பல்சக்கர அடுக்கும் 2,800. இரண்டு டயரும் பக்கவாட்டில் வெடித்திருந்தன, 2,400. முன் ஃபோர்க்கைக் கழற்றி எண்ணெயும் சீலும் மாற்ற 2,200. இந்த ஃபோர்க்குக்குச் சில கம்பெனிகள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கின்றன, யார் செய்கிறார்கள்! பிரேக் கட்டை 600, பிசுபிசுத்துப் போன கைப்பிடி உறை 250, பெண்டு எடுத்து ஓவராயில் செய்ய 1,000. கூட்டினால் 9,250.

இப்போது வாங்கப்போகிறவர் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். இந்தப் பழைய வண்டி வேண்டாம் என்றால் அவர் என்ன வாங்குவார்? அலுமினிய ஃப்ரேம் போட்ட, சுமாரான புதுக் கியர் சைக்கிள் ஒன்று அப்போது 18,000. அதில் 9,250 போனால் 8,750. இதற்கு மேல் ஒருவர் எங்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று என்ன கட்டாயம்? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டை இவர் பக்கம் நகர்த்தினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஃபோர்க் மட்டுமே அன்னிக்கு 9,000 இருக்கும்" என்றார் மெதுவாக. பாவமாகத்தான் இருந்தது. வண்டியோடு சேர்த்துப் பன்னிரண்டு வருஷக் காலையையும் அவர் விலை போட்டிருந்தார். அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

இதற்கிடையில் அரசாங்கம் வேறு ஒரு காரியம் செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வாங்கப்போகிறவர்களுக்கு லாபம்; 48,000 வண்டி 45,000 ஆயிற்று. விற்கப்போகிறவர்களுக்கு? 18,000 வண்டியும் 16,875 ஆகிவிட்டதே! புதுசின் விலை இறங்கினால் பழசும் கூடவே இறங்கும். பழசின் விலை மட்டும் தனியாக நிற்காது.

எதற்குச் செலவு செய்யலாம்?

விற்கிறதற்கு முன்னால் எல்லாவற்றையும் புதுசாக்கிவிடலாம் என்று இவருக்கு ஒரு யோசனை. வேண்டாம் என்றேன். புது டயர் போட்டால் விலையில் 2,400 கூடாது. பாதி கூடினால் அதிகம். வாங்குகிறவர் தனக்குப் பிடித்த டயரைத் தானே போட்டுக்கொள்ளட்டும். பிரேக் மட்டும் விதிவிலக்கு. ஓட்டிப் பார்க்க வருகிறவர் கையில் பிடிக்காத பிரேக்கைக் கொடுப்பது மகா பாவம். அதனால் பிரேக் கட்டைக்கு 600, தொட்டதும் அருவருப்பாக இருக்கக்கூடாது என்று கைப்பிடி உறைக்கு 250. அத்தோடு சரி. மீதிக்கு சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நடுவில் வாங்கிப் பொருத்திய நல்ல பெடல், விளக்கு, பம்பு, தண்ணீர் பாட்டில் பிடிப்பான் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். புது வண்டிக்கு ஆகும். அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழைய வண்டிக்கு ஒரே விலைதான். ஹெல்மெட்டை மட்டும் யாருக்கும் விற்காதீர்கள், பழைய ஹெல்மெட்டை வாங்கவும் செய்யாதீர்கள். ஒருமுறை கீழே விழுந்து அடிபட்டால் உள்ளேயிருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த முறை தலையைக் காக்காது.

"எதுக்கு இவ்வளவு கணக்கு? வேலைக்கு வர்ற பொண்ணோட பையனுக்குக் குடுத்துடு, புண்ணியம்" என்றார் என் மாமியார். கொடுக்கலாம், நல்ல மனசுதான். ஆனால் 9,000 ரூபாய் வேலை இருக்கிற வண்டியைத் தூக்கிக் கொடுத்தால் அது அவர்கள் தலையில் செலவைக் கட்டுவதாகும். கொடுப்பதானால் பிரேக், டயர், செயின் மாற்றிக் கொடுக்கவேண்டும். பையனின் உயரத்துக்கும் சரியாக இருக்கவேண்டும். அந்தப் பையன் மூன்றாம் வகுப்பு! "வளர்ற பிள்ளைதானே" என்று பாவாடை தைக்கிற மாதிரி சைக்கிளைப் பெரிதாக வாங்கக் கூடாது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும்போது நடுக்கம்பி உடம்பில் இடிக்காமல் இரண்டு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கவேண்டும்.

விளம்பரம் போட்ட அன்றே ஒரு போன். "மிலிட்டரியில் இருக்கேன், வண்டியை நேர்ல பாக்க நேரமில்லை, சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்" என்று ஹிந்தி கலந்த தமிழ். பேரமே பேசாமல் வாங்குகிறவரைக் கண்டால் நமக்குச் சந்தேகம் வரவேண்டாமா? பணம் அனுப்புகிறேன் என்று ஒரு கட்டம் கட்டமான க்யூ.ஆர். படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொன்னார். போட்டால் பணம் வராது; நம் கணக்கிலிருந்து போகும்! நமக்கு வரும் பணத்துக்கு நாம் ரகசிய எண் போடவேண்டிய அவசியமே கிடையாது. இதை வீட்டில் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும்.

அப்புறம் வந்த இரண்டு கல்லூரிப் பையன்களும் சக்கரத்தைப் பார்த்தவுடனே, "இருபத்தாறா அங்கிள்?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. 29 அங்குலம் வேண்டும் என்று அலைகிறவர்களிடம் இதை விற்க முயல்வது, பட்டு கேட்கிறவரிடம் சுங்கடியை விரித்துக் காட்டுகிற மாதிரி. பெரிய சக்கரம் யாருக்கு வேண்டாம்? உயரம் குறைந்தவர்களுக்கு. ஐந்தடி, ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கிற பெண்கள் 29 அங்குல வண்டியில் ஏறி நின்றால் கால் எட்டுவதே சிரமம். என் கணவரும் ஒன்றும் வாட்டசாட்டம் அல்ல (இதை அவர் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்), அதனால் எங்கள் வண்டி சின்ன ஃப்ரேம். பெண்ணின் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது நாலு அம்மாக்களிடம் சொல்லி வைத்தேன்.

மூன்றாம் நாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். பிரசவத்துக்குப் பிறகு பதினைந்து கிலோ கூடிவிட்டதாம். காலையில் அரைமணி நேரம் ஓட்டலாம் என்று ஆசை, ஆனால் புது வண்டிகள் எல்லாம் உயரமாக இருக்கின்றன. சீட்டை இறக்கிக் கொடுத்தேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர் முகத்தில் பள்ளிக்கூடப் பெண்ணின் சிரிப்பு. "ரொம்ப நாளாச்சுக்கா ஓட்டி" என்றார். பெரியவர் எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கை அப்படியே அவரிடம் காட்டினேன். இவர் பின்னாலிருந்து கண்ணால் ஜாடை காட்டினார், காட்டாதே என்று! ஏன் காட்டக் கூடாது? மலை இறக்கத்தில் அவர் ஓட்டப்போகும் வண்டி அது. தவிர, எதை மறைக்கிறோம் என்று யோசிக்க வைக்கும் வண்டிக்குத்தான் பேரம் நீளும். நாங்கள் செய்த 850 ரூபாய் வேலை போக மிச்சம் 8,400. புது வண்டி 16,875. வித்தியாசம் 8,475. "8,500 குடுத்துடறேங்க்கா" என்றார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. ஒரு காலத்தில் வரி கட்டி வில்லை வாங்கி மாட்டவேண்டியிருந்தது, அதுவும் போயிற்று. இன்றைக்கு வண்டி யாருடையது என்று சொல்வது பழைய பில்லும், பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும் ஃப்ரேம் எண்ணும்தான். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தெரியும். 2013 பில்லை எடுத்துக் கொடுத்து, ஃப்ரேம் எண், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். நீங்கள் பழைய வண்டி வாங்குகிறவர்களாக இருந்தால், பில்லும் இல்லை, எண்ணும் ராவியிருக்கிறது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

அப்புறம் எங்கள் கணக்கு. 8,500, போனஸ் 15,000, சீட்டில் 13,000. ஆக மொத்தம் 36,500. பள்ளிக் கட்டணத்தைத் தொடுவதில்லை என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். 45,000 வண்டியை ஆசையோடு இன்னொருமுறை பார்த்துவிட்டு, அதே கம்பெனியில் அதற்கு அடுத்த படியில், 36,500-க்கே ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார் இவர். சக்கரம் 29 தான். ஃபோர்க் மட்டும் கொஞ்சம் சாதாரண ரகம். மருதமலை ரோட்டுக்கு அது போதும் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பீல் ஏது?

ஆசிரியை டிசம்பரில் இரண்டு டயரையும் மாற்றிக்கொண்டார். பெரியவர் கடையில்தான். 2,300 ஆயிற்றாம், நான் சொன்னதைவிட நூறு ரூபாய் குறைவு என்று பள்ளி வாசலில் பார்த்தபோது சொன்னார். ஃபோர்க் வேலையைச் சித்திரையில் வைத்துக்கொள்ளப் போகிறாராம்.